8×6 கோழிக்கூண்டு: ஐப்பசி மழைக்கு முன்னாடி சரிபண்ணி அழகாவும் ஆக்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

செம்மண் எழுதியது:

வணக்கம். திருச்சி பக்கம், வீட்டுக் கொல்லையில் உள்ள கூண்டு. விவரம் சொல்லிடறேன், அப்பதான் சரியா பதில் கிடைக்கும்.

நீளம் 8 அடி, அகலம் 6 அடி. சவுக்குக் கம்பு நேரா மண்ணில் ஊன்றியிருக்கு, மூலைக்கு ஒண்ணு, நீளப்பக்கம் நடுவில் ஒவ்வொண்ணு, ஆக மொத்தம் ஆறு. சுத்தி அறுகோண ஓட்டை கோழிவலை, யூ ஆணி அடிச்சது. மேலே தகர ஷீட், முன்பக்கம் 6½ அடி, பின்பக்கம் 5½. தாழ்வாரம் எல்லாப் பக்கமும் அரை அடிதான். தரை வெறும் மண். நாட்டுக்கோழி பெட்டை 12, சேவல் 1. பகலில் கொல்லையில் மேயும், ராத்திரி மட்டும் அடைப்பு.

தொல்லைகள்: மதியம் உள்ளே தலை நீட்ட முடியாத சூடு. மழைன்னா கிழக்குப் பக்கம் சாரல். பெருச்சாளி வளை ரெண்டு. கம்பு அடியில் கரையான். முட்டையிட ஒரு பிளாஸ்டிக் கூடைதான் இருக்கு, அதில் ராத்திரி நாலு கோழி ஏறிப் படுத்துக்குது, காலையில் முட்டை முழுக்க எச்சம்.

வீட்டுப் பிள்ளைங்க கலர் பெயிண்ட், சீரியல் லைட், கொடி எல்லாம் கேக்குறாங்க. கேள்வி மூணு. எந்த வரிசையில் வேலையைச் செய்யறது? கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டினா சூடு குறையுமா? பழைய எனாமல் பெயிண்ட் அரை டப்பா கிடக்கு, அடிக்கலாமா?

கொண்டைச்சேவல் எழுதியது:

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். கோழிக்கு அது பொரி மாதிரி. எட்டுற உயரத்தில் இருந்தா ரெண்டே நாளில் கொத்திக் கொத்தி ஓட்டை போட்டுடும். விழுங்கினது செரிக்காது, இரைப்பையில் தங்கும். உதிர்ந்து விழற துகளையும் விடாது.

வரிசை இதுதான்: கம்பு, தரை, வலை, கூரை, உள்சாமான். பெயிண்டும் கொடியும் கடைசி. அழகு பண்ணிட்டு அப்புறம் வலையைப் பிரிச்சா பண்ணினது அத்தனையும் பாழ்.

கம்பு. அடி அரிச்ச சவுக்கை முழுசா மாத்தணும்னு இல்லை. ஒவ்வொரு கம்பா எடுத்துக்குங்க. கூரைக்கு ஒரு முட்டுக் கொடுத்துட்டு, உசத்தப்போற புதுத் தரை மட்டத்துக்கு ரெண்டு இஞ்ச் மேலே கம்பை அறுங்க. அடியில் இருக்கிற கட்டையைத் தோண்டி எடுத்துட்டு ஒரு அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம் குழி. அதில் 2 இஞ்ச் இரும்பு ஆங்கிள் மூணு அடித் துண்டை நிறுத்தி காங்கிரீட் போடுங்க. மேலே நிக்கிற ஒன்றரை அடியில் கம்பைச் சேர்த்து ரெண்டு போல்ட். கம்பு மண்ணைத் தொடக்கூடாது, ரெண்டு இஞ்ச் சந்து இருக்கட்டும். கரையான் ஆங்கிள் மேல மண்பூச்சு கட்டி ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும், தட்டி விட்டுடலாம். கம்பு அடியில் பழைய எஞ்சின் ஆயில் ஊத்தற வழக்கம் உண்டு. கோழி அந்த மண்ணில்தான் புரளும், கொத்தும். அதனால் கூடாது.

தரை. சுத்தி ஹாலோ பிளாக் ஒரு வரிசை வச்சு, உள்ளே கிராவல் கொட்டி, தண்ணி விட்டு திமிசுக்கட்டையால் இடிச்சு, வெளித்தரையை விட முக்கால் அடி உசத்துங்க. அது மேல 2 இஞ்ச் காங்கிரீட். 48 சதுர அடிக்கு 2 இஞ்ச்னா 8 கன அடி. 1:3:6 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒரு மூட்டை சிமெண்ட் சரியா இருக்கும், முக்கால் இஞ்ச் ஜல்லி. கதவுப் பக்கமா 6 அடிக்கு ஒரு இஞ்சாவது வாட்டம் விடுங்க, இல்லைன்னா கழுவின தண்ணி உள்ளேயே நிக்கும். ஒரு வாரம் நனைச்சு வச்சு ஆறவிட்டுட்டு அப்புறம் உமி கொட்டுங்க.

வலை. கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான். வர்றதைத் தடுக்காது. நாய் பல்லால இழுத்தா பிரியும், கீரியும் மரநாயும் ஓட்டையைப் பெரிசாக்கிடும். அரை இஞ்ச் கட்டம் போட்ட ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசின, கம்பிகளைப் பத்தவச்ச வலை) வாங்குங்க. கணக்கு: சுற்றளவு 28 அடி. 3 அடி அகல ரோலை ரெண்டு அடுக்காகக் கட்டினா 56 அடி. வெளியே தரையில் படுக்கப் போட ஒன்றரை அடிப் பட்டை வேணும், அதுக்கு ரோலை நீளவாக்கில் ரெண்டா வெட்டலாம். மூலையும் சேர்த்து 34 அடிப் பட்டை, அதாவது 17 அடி ரோல். ஆகமொத்தம் 73. ஐம்பது அடி ரோல் ரெண்டு எடுங்க, மிச்சம் 27 அடி கூரைச் சரிவு முக்கோணத்துக்கும் கதவுக்கும் போகும்.

படுக்கப் போடற பட்டைதான் பெருச்சாளிக்கு வேலி. சுவரடியில் தோண்ட வர்ற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும், ஓரடி தள்ளிப் போய்த் தோண்டத் தெரியாது. பட்டையின் ஒரு ஓரத்தைச் சுவர் வலையோட கட்டுக்கம்பியால் தைச்சு, மேல செங்கல் துண்டு பரப்பி, மண்ணு போட்டா போதும். ஆழக்குழி வெட்டிப் புதைக்கணும்னு இல்லை. இப்ப இருக்கிற வளை ரெண்டையும் முதல்லயே அடைங்க. உடைஞ்ச ஓடும் ஜல்லியும் குத்தி, மேல சிமெண்ட்.

யூ ஆணியை மட்டும் நம்பி வலை அடிக்காதீங்க, இழுத்தா கழண்டு வரும். வலை மேல ஒன்றரை இஞ்ச் ரீப்பர் (மரச்சட்டம்) வச்சு, ரீப்பர் வழியா ஸ்குரு போடுங்க. வலை நடுவில் மாட்டிக்கும்.

ஒண்ணு மறக்காதீங்க: வலை வெட்டும்போது அரை இஞ்ச் கம்பித் துண்டு நூறு இருநூறு சிதறும். கோழி அதைக் கல்லுன்னு நினைச்சு முழுங்கும். கல்லை வச்சுத் தீனியை அரைக்கிற இரைப்பையிலேயே அது குத்தி நிக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிறில் கட்டித் தரை முழுக்க ரெண்டு தடவை இழுத்துட்டு அப்புறம் கோழியை விடுங்க. கத்தரிக்கிற வேலையை கொல்லைக்கு வெளியே வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

உமிமூட்டை எழுதியது:

மேலே சொன்னதில் வலை, கம்பு எல்லாம் சரிங்க. காங்கிரீட் தரைதான் தேவையான்னு யோசிக்கணும். 13 கோழிக்கு, அதுவும் ராத்திரி மட்டும் அடைக்கிற கூண்டுக்கு, முக்கால் அடி உசத்தின கிராவல் தரை போதும்ங்க. எச்சத்து ஈரத்தை மண்ணு இழுத்துக்கும். சிமெண்ட் தரை இழுக்காது, உமிதான் மொத்தத்தையும் தாங்கணும். பெருச்சாளிக்குப் பயம்னா கிராவலுக்கு அடியில் வெல்டு மெஷ் பரப்பிடலாம்.

எந்தத் தரையானாலும் மேல உமி 4 இஞ்ச் வேணும். உங்க அளவுக்கு 16 கன அடி வரும், பெரிய சாக்கில் மூணு நாலு மூட்டை. தேங்கா நார்க்கழிவு கிடைச்சா மேல ஒரு இஞ்ச் கலந்துக்கலாம், ஈரம் நல்லா இழுக்கும். ஆனா வாங்கும்போதே நல்லா காஞ்சிருக்கணும். கடலைத்தோல் மலிவுன்னு போடாதீங்க, நனைஞ்சா பூஞ்சணம் பிடிக்கும். மரத்தூளைக் குஞ்சு தீனின்னு தின்னுடும்.

வாரம் ஒருக்கா தோட்டத்து முள்ளுக்கரண்டியால் அடியோட கிளறி விடணும். கோழி ராத்திரி உக்காந்து தூங்குற குச்சிக்கு நேர் கீழே மட்டும் கட்டி கட்டும், அதை அள்ளி எருக்குழியில் போட்டுட்டு புது உமி போடுங்க. ஈரம் பார்க்கிற முறை: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிச்சு கையை விரிங்க. உதிர்ந்தா நல்லது. உருண்டையா நின்னா ஈரம் அதிகம், சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறணும். அசட்டையா விட்டா ரத்தக்கழிச்சல் வரும், முதல்ல குஞ்சுதான் போகும்.

இன்னொரு விஷயம். கூண்டுக்குள்ள நாத்தம் இல்லைன்னு நின்னபடியே சொல்லிடக் கூடாதுங்க. குந்தி உக்காந்து, கோழி மூக்கு உயரத்தில் ரெண்டு மூச்சு இழுத்துப் பாருங்க. கண்ணு கரிச்சா அமோனியா கட்டியிருக்கு.

கொண்டைச்சேவல் எழுதியது:

@உமிமூட்டை மண்ணு ஈரம் இழுக்கும்ங்கறது சரிதான். ஆனா எச்சமும் ஈரமும் சேர்ந்தா ஜிஐ வலையை அரிச்சுடும். அடியில் போட்ட வலை துருப்பிடிச்சது கண்ணுக்குத் தெரியாது, பெருச்சாளி மேல வந்த அன்னைக்குத்தான் தெரியும். இவருக்கு ஏற்கனவே வளை ரெண்டு இருக்கு. வளை இல்லாத இடம்னா உங்க முறையே போதும், ஒரு மூட்டை சிமெண்ட் மிச்சம்.

உமிமூட்டை எழுதியது:

அந்த வளையை நான் கணக்கில் எடுக்கலைங்க. இவருக்குக் காங்கிரீட்தான்.

உள்சாமான் பாக்கி இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

கூடையில் தூங்கறதுக்குக் காரணம் எளிது. இருக்கறதுலயே உயரமான இடம் அதுதான். கோழி பொழுது சாஞ்சா உயரம் தேடும். குச்சி உயரமாகவும் முட்டைப்பெட்டி தாழ்வாகவும் இருந்தா தானா மாறிடும். குச்சி இரண்டரை அடி, பெட்டி வாய் ஒன்றே கால் அடிக்கு மேல போகக்கூடாது.

கோழிக்கு 9 இஞ்ச் வீதம் 13க்குப் பத்தடி குச்சி வேணும். 6 அடி அகலத்துக்குக் குறுக்கே ரெண்டு குச்சி போட்டா 12 அடி ஆச்சு. ரெண்டும் ஒரே உயரம். ஏணி மாதிரி போட்டா எல்லாம் மேல் குச்சிக்கே அடிச்சுக்கும், கீழ இருக்கிறது மேல எச்சம் விழும். சுவரிலிருந்து ஒரு அடி, குச்சிக்கும் குச்சிக்கும் ஒன்றே கால் அடி. ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச் ரீப்பரை மேல் விளிம்பு மட்டும் இழைச்சு உருட்டிக்குங்க. பிவிசி பைப் வழுக்கும். மூங்கில் வேண்டாம்ங்க, கணுவிலயும் வெடிப்பிலயும் கோழிச்செள் குடியிருக்கும்.

குச்சியை ஆணி அடிக்காம ரெண்டு முனையிலும் யூ வடிவக் கொக்கியில் உக்கார வைங்க. மாசம் ஒருக்கா தூக்கி வெயிலில் போடலாம். செள் இருக்கான்னு பகலில் பாத்தா தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச் எடுத்துட்டுப் போய் குச்சியின் அடிப்பக்கம் வெள்ளைத்துணியை ஒரு தரம் இழுங்க. துணியில் சிவப்புக் கீற்று விழுந்தா அது ரத்தம் குடிச்ச செள் நசுங்கின தடம். அன்னைக்கே குச்சியைக் கழட்டி வெந்நீர் ஊத்தி, கொக்கி இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும்.

முட்டைப்பெட்டி 12 பெட்டைக்கு மூணு. 12 இஞ்ச் சதுரம், 14 இஞ்ச் உயரம், முன்னாடி 4 இஞ்ச் தடுப்பு. மேல்மூடி சரிவா இருக்கட்டும், தட்டையா விட்டா அது மேல ஏறி நின்னு எச்சம் போடும். உள்ளே வைக்கோல். இருட்டா இருக்கணும், அப்பத்தான் முட்டையைக் கொத்தாது. அடைக்கு வைக்க இதையே பயன்படுத்தாதீங்க, மண்சட்டியில் மணல் போட்டு தனி மூலையில் வைங்க. இல்லைன்னா அடைக்கோழி இருக்கிற பெட்டியிலேயே மத்ததும் போய் முட்டையிடும், எது புது முட்டைன்னு தெரியாது.

புழுதிக் குளியலுக்கு ரெண்டடி சதுரப் பெட்டி, 8 இஞ்ச் ஆழம். செம்மண், மணல், விறகுச் சாம்பல் சமபங்கு. மழை படாத இடத்தில் வைங்க. ஐப்பசி கார்த்திகையில் கொல்லை முழுக்க ஈரம், அப்பத்தான் இது தேவைப்படும்.

வேலிக்கொடி எழுதியது:

பிள்ளைகள் கேட்டதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலையே. அழகுபடுத்தறது நல்லதுதான், கோழிக்கு எது எட்டும் எது எட்டாதுன்னு பிரிச்சுக்கிட்டா போதும். தரையிலிருந்து மூணடி வரைக்கும், அப்புறம் குச்சியில் உக்காந்தா அலகு போற தூரம் வரைக்கும், அது கோழியோட எல்லை. அங்கே சுண்ணாம்பு மட்டும். கதவின் வெளிப்பக்கம், தாழ்வாரம், பெட்டியின் வெளிமூடி இதெல்லாம் பிள்ளைகள் எல்லை, கோலம் போடட்டும், பூ வரையட்டும்.

பழைய எனாமல் டப்பாவில் தேதி பாருங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின டப்பான்னா, அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னா, தொடாதீங்க. கோழிக்கு உரிஞ்ச பெயிண்ட்டைக் கொத்தற பழக்கம் உண்டு, ஈயம் முட்டைக்கும் போகும். புதுசா வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர் வாங்கினா கதவுக்கும் மூடிக்கும் ரெண்டு கோட்டு வரும். வாசம் முழுக்கப் போற வரைக்கும் கோழியை அடைக்காதீங்க.

உள்ளே கல்சுண்ணாம்பு. ஒரு கிலோவுக்கு அஞ்சு லிட்டர் தண்ணி. அகலமான இரும்பு வாளியில் முதல்ல தண்ணி ஊத்திட்டு அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. கொதிச்சுத் தெறிக்கும், குனிஞ்சு பார்க்காதீங்க, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க. பிளாஸ்டிக் வாளி உருகிடும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒரு பிடி உப்பு போட்டா கையில் ஒட்டாது. ரெண்டு கோட்டு, முதல் கோட்டு காஞ்ச பிறகு அடுத்தது. ரீப்பர் இடுக்கில் பிரஷ் நுனி போகணும், செள்ளுக்கு வீடு அங்கேதான். கொஞ்சம் நீலம் கலந்தா வெண்மை பளிச்சுன்னு எடுக்கும்.

முட்டைப்பெட்டிக்குத் திரை போட்டா அழகும் ஆச்சு, இருட்டும் ஆச்சு. சாக்கோ பழைய புடவையோ, ஓரம் மடிச்சுத் தைச்சாகணும். பிரிஞ்ச நூல் கோழிக் கால்விரலில் சுத்திக்கும், நடக்க நடக்க இறுகும், பாக்கறதுக்குள்ள விரல் கறுத்துடும். நடுவில் ஒரு கீறல் விட்டா தலையை நுழைச்சு உள்ளே போயிடும்.

கண்ணாடி மாட்ட வேண்டாம். சேவல் அதில் தெரியற சேவலோட சண்டை போட்டு மண்டையை உடைச்சுக்கும்.

சீரியல் லைட் உள்ளே கூடவே கூடாது. கோழிக்கு இருட்டு வேணும், விடிய விடிய வெளிச்சம் இருந்தா ஒண்ணையொண்ணு கொத்தும். தாழ்வாரத்தின் வெளி ஓரத்தில், வெளியே பார்க்கிற மாதிரி, அடாப்டர் போட்ட 12 வோல்ட் எல்இடி கட்டுங்க. ஒயரை பிவிசி குழாய்க்குள்ள விடுங்க, எலி கடிக்கும். எட்டு மணிக்கு அணைச்சிடுங்க. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்கு என்ன வரும்னு சொல்ல வேண்டியதில்லை.

கொடி: மேற்குப் பக்கம் கோவை இல்லன்னா பாகல். மதிய வெயிலை அது வாங்கிக்கும். வலையிலேயே நேரா ஏத்தாதீங்க, ஒரு சாண் தள்ளி தனிப் பந்தல் குச்சி கட்டுங்க. வலையை இலை மூடிட்டா காத்து நின்னுடும், பாம்பு ஏறினாலும் தெரியாது. செடி அடியைக் கோழி ரெண்டே நாளில் கிளறி வேரை வெளியே எடுத்துடும், அதனால் தூரைச் சுத்தி உடைஞ்ச ஓடோ கருங்கல்லோ நெருக்கமா அடுக்குங்க. அகத்தியும் முருங்கையும் வேலியோரம் ரெண்டு வச்சா தீனியும் ஆச்சு. அழகுக்குன்னு அரளி வைக்கிற ஆசை வேண்டாம், விஷம். குன்றிமணிக் கொடி, ஊமத்தை, ஆமணக்கு இருந்தாலும் பிடுங்கிடுங்க.

செம்மண் எழுதியது:

ரொம்ப நன்றி. பெயிண்ட் டப்பாவில் 2014ன்னு இருக்கு, மஞ்சள் கலர். ஒதுக்கி வச்சாச்சு.

கூரை மட்டும் பாக்கி. தகரத்து மேல கீற்று வேயலாமா, இல்லை ஷேட் நெட்டா (நிழல் வலை)? மழைக்குச் சுத்தி தார்ப்பாய் கட்டிடலாமா?

கொண்டைச்சேவல் எழுதியது:

கீற்று குளிர்ச்சிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா தகரத்துக்கும் கீற்றுக்கும் நடுவில் எலி கூடு கட்டும், எலியைத் தேடி சாரை ஏறும். வருஷா வருஷம் மாத்தவும் வேணும். பக்கத்தில் விறகடுப்பு இருந்தா நெருப்புப் பயம் வேற. உங்களுக்கு நெட் சரி.

நெட்டைத் தகரத்து மேல ஒட்டிப் போட்டா பிரயோஜனம் இல்லை. ஒரு அடி உசரத்தில் கம்பி இழுத்து 75 சதவீத வெயிலை மறைக்கிற பச்சை நெட்டைக் கட்டுங்க. நடுவில் காத்து ஓடணும், அதுதான் சூட்டைக் கொண்டுபோகும். தகரத்து மேல வெள்ளை அடிக்கிறதும் நல்ல பலன் தரும். வெறும் சுண்ணாம்பு தகரத்தில் ஒட்டாது, ஃபெவிகால் கலக்கணும், அதுவும் ஒரு மழையோட பாதி போயிடும். பங்குனியில் அடிச்சா கத்திரி வெயிலைத் தாண்டும். நிரந்தரமா வேணும்னா வெயில் திருப்புற வெள்ளைப் பெயிண்ட்.

தாழ்வாரத்தைக் கிழக்கிலும் வடக்கிலும் ரெண்டு அடியாக்குங்க, உங்க பக்கம் பெருமழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். கூரைக்கும் வலை மேல்சட்டத்துக்கும் நடுவில் 6 இஞ்ச் திறப்பு விட்டு அதையும் வெல்டு மெஷ் போட்டு மூடுங்க. சூடான காத்து வெளியேற அதுதான் வழி.

தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டறதுதான் மழைக்காலத்தில் நடக்கிற பெரிய தப்பு. உள்ளே ஈரமும் அமோனியாவும் அடைஞ்சு சளி பிடிக்கும். கிழக்கு, வடக்கு ரெண்டு பக்கம் மட்டும். பாயின் கீழ் ஓரத்தைச் சட்டத்தில் நிரந்தரமா அடிச்சிடுங்க, மேல் ஓரத்தைக் கயிறில் ஏத்தி இறக்குற மாதிரி வைங்க. முழுக்க ஏத்தினாலும் மேல ஒரு அடி திறந்திருக்கணும். மேலிருந்து தொங்க விட்டா கீழே காத்து அடிச்சு பாய் படபடன்னு ஆடும், குச்சியில் உக்காந்த கோழி மிரளும்.

உமிமூட்டை எழுதியது:

வேலை முடிஞ்சு திரும்ப விடும்போது மூணு நாலு நாள் வெளியே விடாம உள்ளேயே தீனி தண்ணி வைங்க. இல்லைன்னா பாதி கோழி பொழுது சாஞ்சதும் முருங்கை மரத்துக்குப் போயிடும். அந்த நாலு நாளும் தண்ணிக்குப் பெரிய டப்பாவா வைங்க, கோழிக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் ஆகும், வெயில் ஏறினா அதுக்கு இரட்டிப்பு. டப்பா வாய் கோழி முதுகு உயரத்தில் இருக்கட்டும், தரையில் வச்சா உமியைக் கிளறி உள்ளே தள்ளிடும்.

அப்புறம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதாதுங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நாய் மூக்கால் தள்ளும்போது கீழ் மூலைதான் முதல்ல வளைஞ்சு கொடுக்கும்.